காட்டு மண்ணில் செல்லுலோஸ் நொதி தேடுவோர் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஆரணி வட்டாரம் பட்டுக்கும் அரிசிக்கும் பெயர் பெற்றது. ஆரணியை ஒட்டிய முள்ளிப்பட்டில் வீட்டுக்குள் தறி ஓடுகிறது. அறுவடை முடிந்தால் கழனியில் வைக்கோல் குவிகிறது. மேற்கே ஜவ்வாது மலை நிற்கிறது. ஆரணியைத் தொட்டு ஓடும் கமண்டல நாகநதி அந்த மலையில்தான் பிறக்கிறது.

நெசவுக் குடும்பங்களிலிருந்து கல்லூரிக்குப் போய் நுண்ணுயிரியலும் உயிரித் தொழில்நுட்பமும் படிக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். இறுதியாண்டு ஆய்வுக்கு அவர்கள் முன் வரும் தலைப்புகளில் ஒன்று, காட்டு மண்ணில் வாழும் பாக்டீரியாவிலிருந்து செல்லுலோஸைச் சிதைக்கும் நொதியைப் பிரித்தெடுப்பது. நல்ல தலைப்பு. பெரிய கருவிகள் இல்லாமலே தொடங்கலாம். பருத்தித் துணி, வைக்கோல், காகிதம், எத்தனால் என்று பயன்படும் இடங்களும் பல. ஆனால் தட்டில் ஒரு வெளிர் வளையம் தெரிந்த உடனே ஆய்வு முடிந்ததாக எண்ணுவதும், அதை வைத்துப் பெரிய உரிமை கொண்டாடுவதும் இந்தத் தலைப்போடு கூடவே வரும் பழக்கம். வளையம் தொடக்கம்தான். அனுமதி, பாதுகாப்பு, அளவீடு, நேர்மையான எழுத்து ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் அது ஆய்வு. கீழே உள்ள பட்டியல் அந்த நான்கையும் பற்றியது.

முதலில் தெரிந்திருக்க வேண்டியது

செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் நீளமாகக் கோத்த சங்கிலி. 1838இல் பிரெஞ்சு வேதியியலர் ஆன்செல்ம் பாயென் தாவரங்களிலிருந்து இதைப் பிரித்தறிந்தார். பருத்தி இழையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செல்லுலோஸ்தான். மரத்தில் ஏறக்குறைய பாதி.

இதைச் சிதைப்பது ஒரே நொதியின் வேலை அல்ல. பாவு நூலை ஒருவர் நடுவில் ஆங்காங்கே வெட்ட, இன்னொருவர் வெட்டிய முனைகளிலிருந்து இரண்டிரண்டு அங்குலமாக நறுக்க, மூன்றாமவர் அந்தத் துண்டுகளையும் பாதியாக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வெட்டுவது எண்டோகுளுக்கனேஸ். முனையிலிருந்து இரண்டு குளுக்கோஸ் கொண்ட செல்லோபயோஸை விடுவிப்பது எக்ஸோகுளுக்கனேஸ். செல்லோபயோஸை இரண்டு குளுக்கோஸாக்குவது பீட்டா குளுக்கோசிடேஸ். மூன்றும் சேர்ந்தால்தான் செல்லுலோஸ் முழுதாகச் சர்க்கரையாகும். இந்த நொதிகளுக்குப் பொதுப்பெயர் செல்லுலேஸ். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் எச்சரிக்கைகளில் பாதி தானாகவே விளங்கும்.

காட்டுக்குள் கால் வைக்கும் முன்

செய்ய வேண்டியவை

• வனத்துறையிடம் எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். காப்புக்காட்டில் ஒரு கைப்பிடி மண் எடுப்பதற்கும் அது தேவை. எங்கே, எவ்வளவு, எதற்கு, எத்தனை பேர் வருகிறோம் என்பதைக் கல்லூரித் துறைத் தலைவரின் கையொப்பத்தோடு கொடுங்கள். அனுமதிக் கடிதத்தின் நகல் பையில் இருக்கட்டும்.

• ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். அவர்களுடைய ஊருக்கு அருகில் மண் எடுப்பதானால் ஊர்ப் பெரியவர்களைப் பார்த்து, செய்யப்போவதை விளங்கச் சொல்லி, சம்மதம் கேளுங்கள். ஆய்வு முடிந்ததும் முடிவைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி அவர்களிடம் கொடுங்கள்.

• 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டத்தைப் படித்துவிடுங்கள். இந்தச் சட்டத்தில் நுண்ணுயிரும் உயிரியல் வளம்தான். இந்தியக் குடிமக்கள் இந்தியாவுக்குள் கல்விக்காகச் செய்யும் ஆய்வுக்கு அது தடை போடுவதில்லை. ஆனால் வணிகப் பயன், காப்புரிமை, வெளிநாட்டு நிறுவனத்தோடு கூட்டு என்று வந்துவிட்டால் விதிகள் உண்டு. 2023இல் சட்டம் திருத்தப்பட்டிருப்பதால் பழைய நூல்களை மட்டும் நம்பாமல் இப்போதைய விதிகளைப் பாருங்கள். தேசிய உயிர்ப்பன்மை ஆணையத்தின் தலைமையகம் சென்னைத் தரமணியிலேயே இருக்கிறது. கேட்டுத் தெளிவது எளிது.

செய்யக்கூடாதவை

• "மண்தானே" என்று அனுமதி இல்லாமல் எடுத்து வராதீர்கள். முறையற்று எடுத்த மாதிரியில் எவ்வளவு நல்ல நொதி கிடைத்தாலும் அதை வெளியிடும்போதும் காப்புரிமை கேட்கும்போதும் சிக்கல் வரும்.

• மண்ணையோ பிரித்தெடுத்த பாக்டீரியாவையோ வெளிநாட்டில் இருக்கும் நண்பருக்கோ ஆய்வகத்துக்கோ தபாலில் அனுப்பாதீர்கள். அது சட்டப்படி அனுமதி தேவைப்படும் செயல்.

• உள்ளூர் மக்கள் சொன்ன தகவலை உங்கள் கண்டுபிடிப்பாக எழுதாதீர்கள். கேரளத்தின் அகத்தியமலைப் பகுதியில் காணி மக்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்து ஒரு மருந்து உருவானபோது, 1990களில் அதன் வருமானத்தில் அம்மக்களுக்கும் பங்கு கொடுக்கப்பட்டது. உலகம் முழுவதும் எடுத்துக்காட்டப்படும் நிகழ்வு அது. செடிக்குப் பொருந்தும் நியாயம் மண்ணுக்கும் பொருந்தும்.

மண் எடுக்கும்போது

செய்ய வேண்டியவை

• இலை மக்கும் இடத்தைத் தேடுங்கள். விழுந்த மரத்தின் அடி, பல பருவத்துச் சருகு தங்கிய பள்ளம், புற்றுக்கு அருகிலுள்ள மண் ஆகிய இடங்களில் செல்லுலோஸ் சிதைக்கும் பாக்டீரியா மிகுதியாக இருக்கும்.

• மேலே கிடக்கும் சருகை விலக்கி, 5 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுங்கள். ஒரே குழியில் எடுக்காமல் சில அடி இடைவெளியில் ஐந்து இடங்களில் எடுத்துக் கலந்தால் அந்த இடத்துக்கான மாதிரி கிடைக்கும். மொத்தம் 100 கிராம் போதும். குழியை மூடிவிட்டு வாருங்கள்.

• கரண்டியை ஒவ்வொரு இடத்துக்கும் 70 விழுக்காடு ஆல்கஹாலால் துடைத்துப் பயன்படுத்துங்கள். பையின் மேல் தேதி, நேரம், இடம், ஆழம், பக்கத்து மரங்கள், கடைசியாக மழை பெய்த நாள் எல்லாவற்றையும் அங்கேயே எழுதுங்கள்.

• ஊர்க் கழனி மண்ணையும் தனியாக எடுத்து ஒப்பிடுங்கள். "காட்டு மண்ணில் அதிகம்" என்று சொல்ல வேண்டுமானால் எதைவிட அதிகம் என்று காட்ட வேண்டும்.

• ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, ஓரிரு நாளுக்குள் வேலையைத் தொடங்குங்கள்.

செய்யக்கூடாதவை

• மாடு, ஆடு செத்துப் புதைத்த இடத்தில் மண் எடுக்காதீர்கள். ஆந்த்ராக்ஸ் நோயைத் தரும் பாக்டீரியாவின் வித்துகள் மண்ணில் பல்லாண்டு உயிரோடு கிடக்கும்.

• கோடையில் காட்டுக்குள் தீப்பெட்டி எடுத்துச் செல்லாதீர்கள். கரண்டியைத் தீயில் காட்டிச் சுத்தம் செய்வது ஆய்வகத்தில் சரி, சருகுக் காட்டில் கூடாது.

• தனியாகப் போகாதீர்கள். கால் மூடிய செருப்பு இல்லாமலும் போகாதீர்கள்.

ஆய்வகப் பாதுகாப்பு

செய்ய வேண்டியவை

• பெயர் தெரியாத மண் பாக்டீரியா அனைத்தையும் ஆபத்தானது என்றே வைத்துக் கையாளுங்கள். மெலியாய்டோசிஸ் என்ற கடும் தொற்றைத் தரும் பாக்டீரியாவும் மண்ணில்தான் வாழ்கிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி அத்தகைய நோயாளிகளைப் பற்றித் தொடர்ந்து எழுதியிருக்கிறது. வேலூர் நமக்கு அடுத்த ஊர் என்பதை மறக்க வேண்டாம்.

• கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு இந்த வேலை வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இத்தொற்று எளிதில் பற்றும். அவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மண் வேலைக்குப் பிறகு நீங்காத காய்ச்சல் வந்தால், மண்ணோடு வேலை செய்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

• வேலை முடிந்த தட்டுகள் அனைத்தையும் ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் குறைந்தது 20 நிமிடம் வைத்து, கொன்ற பிறகே குப்பையில் போடுங்கள்.

செய்யக்கூடாதவை

• வீட்டுச் சமையலறையில் தட்டு வளர்க்காதீர்கள். பள்ளி மாணவர்கள் கண்காட்சிக்காகச் செய்வதானால் கல்லூரி ஆய்வகம் ஒன்றில் ஆசிரியர் முன்னிலையில் செய்யட்டும். பள்ளிக்கு நிழற்படம் வந்தால் போதும்.

• தட்டை முகர்ந்து பார்க்காதீர்கள். வளர்ந்த தட்டின் மூடியைத் திறந்து நண்பர்களுக்குக் காட்டாதீர்கள்.

• மண் கரைசலைச் சூடாக்கி வித்து உண்டாக்கும் பாக்டீரியாவை மட்டும் தேர்ந்தெடுக்கும் முறையை வழிகாட்டி இல்லாமல் கையாளாதீர்கள். பாசில்லஸ் இனங்களைப் பிடிக்க அது நல்ல வழி. ஆனால் நல்ல பாசில்லஸோடு கெட்ட பாசில்லஸும் அதே வழியில் பிழைத்து வரும்.

தட்டில் வளையம் தேடும்போது

இங்கேதான் மிகுதியான பிழைகள் நடக்கின்றன. அதனால் இந்தப் பகுதி நீளம்.

செய்ய வேண்டியவை

• மண்ணைப் பத்துப் பத்து மடங்காக நீர்த்துப் பரப்புங்கள். ஒரு கிராம் காட்டு மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியா இருக்கும். 30 முதல் 300 வரை தனித்தனிக் குடியேற்றங்கள் தெரியும் தட்டையே எண்ணுவதற்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

• கார்பாக்சி மெத்தில் செல்லுலோஸ் கலந்த அகாரோடு, வடிதாள் துண்டு மட்டுமே கார்பன் உணவாக உள்ள திரவ ஊடகத்தையும் கூடவே வையுங்கள். சில நாளில் வடிதாள் நைந்து கூழானால் அங்கே முழுமையான செல்லுலோஸ் சிதைவு நடக்கிறது என்பதற்கு அது வலுவான அறிகுறி.

• காங்கோ ரெட் ஏன் வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டு பயன்படுத்துங்கள். 1880களில் ஜெர்மனியில் பருத்தியில் நேரடியாக ஏறும் சாயமாக உருவானது அது. நீண்ட செல்லுலோஸ் சங்கிலியைப் பற்றிக்கொள்ளும். நொதி வெட்டிச் சிறிதாக்கிய இடத்தில் பற்றாது, உப்புக் கரைசலில் கழுவினால் போய்விடும். அந்த வெளிர் இடம்தான் வளையம். 1982இல் டீத்தரும் வுட்டும், மாட்டின் இரைப்பை பாக்டீரியாவுக்காக இந்த முறையை எழுதினார்கள். 0.1 விழுக்காடு சாயம், 15 நிமிடம், பிறகு ஒரு மோலார் உப்புக் கரைசல் என்பது நடைமுறை.

• கிராம் அயோடின் முறையையும் செய்து பாருங்கள். இமாச்சலப் பிரதேசம் பாலம்பூரில் உள்ள இமாலய உயிர்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தின் கசானா குழுவினர் 2008இல் வெளியிட்டது இது. சில நிமிடங்களில் தெளிவான வளையம் தரும். நம் நாட்டு ஆய்வகத்தில் பிறந்து உலகம் முழுவதும் பயன்படும் முறை.

• சாயம் ஊற்றும் முன் ஒவ்வொரு குடியேற்றத்திலிருந்தும் நகல் தட்டு எடுத்துவிடுங்கள். வளையம் தெரிந்த பிறகு உயிருள்ள பாக்டீரியா வேண்டும் அல்லவா?

• செல்லுலோஸ் சிதைக்கும் என்று முன்பே உறுதியான பாக்டீரியா ஒன்றையும், சிதைக்காத ஒன்றையும் அதே தட்டில் வையுங்கள். இரண்டும் எதிர்பார்த்தபடி நடந்தால்தான் நடுவில் உள்ள உங்கள் பாக்டீரியாவை நம்பலாம்.

செய்யக்கூடாதவை

• வளையம் வந்ததும் "செல்லுலோஸ் முழுவதையும் சிதைக்கிறது" என்று எழுதாதீர்கள். கார்பாக்சி மெத்தில் செல்லுலோஸ் நீரில் கரையும் மாற்றுப் பொருள். பருத்தியில் உள்ள இறுகிய செல்லுலோஸ் அல்ல. அதில் தெரியும் வளையம் எண்டோகுளுக்கனேஸ் இருப்பதை மட்டுமே சொல்கிறது. காட்டு மண்ணில் எளிதில் கிடைக்கும் பாசில்லஸ் இனங்கள் பலவும் தட்டில் பெரிய வளையம் தரும். வடிதாளைக் கொடுத்தால் மிக மெதுவாகவே வேலை செய்யும்.

• வளையத்தின் அகலத்தை நொதியின் அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிறிய நொதி அகாரில் தூரம் பரவும். பெரியது அருகிலேயே தங்கும். வளையத்துக்கும் குடியேற்றத்துக்கும் உள்ள விகிதம் எவற்றை முதலில் எடுத்துச் சோதிப்பது என்று வரிசைப்படுத்த மட்டும் உதவும்.

• மாவுச்சத்து கலந்த ஊடகத்தில் அயோடின் ஊற்றிவிட்டுச் செல்லுலேஸ் என்று சொல்லாதீர்கள். அங்கே தெரிவது மாவுச்சத்தைச் சிதைக்கும் அமிலேஸ்.

• அமிலம் சுரக்கும் குடியேற்றத்தைச் சுற்றிக் காங்கோ ரெட் நீலமாகத் திரும்புவதை வளையமாக எண்ணாதீர்கள்.

• காங்கோ ரெட்டை வெறுங்கையால் தொடாதீர்கள். கழுவிய நீரைச் சாக்கடையில் விடாதீர்கள். அது பென்சிடின் வகைச் சாயம், உடலுக்குக் கேடு.

நொதியை அளக்கும்போது

செய்ய வேண்டியவை

• உலகம் ஒப்புக்கொண்ட முறையைப் பின்பற்றுங்கள். செல்லுலேஸை எப்படி அளப்பது என்று சர்வதேச வேதியியல் ஒன்றியத்துக்காக 1987இல் வரையறை எழுதியவர் தில்லி ஐ.ஐ.டி. பேராசிரியர் டி. கே. கோஸ். 50 மில்லிகிராம் வடிதாள் துண்டு, 50 டிகிரி செல்சியஸ் வெப்பம், 60 நிமிடம், அமிலக் குறியீடு 4.8. இந்த நிலையில் 2 மில்லிகிராம் குளுக்கோஸ் விடுவிக்கும் அளவுக்கு நொதியை நீர்த்து, அந்த நீர்ப்பைக் கொண்டு கணக்கிட வேண்டும்.

• மூன்று வெறுமைச் சோதனைகள் வையுங்கள்: நொதி மட்டும், வடிதாள் மட்டும், கரைசல் மட்டும். சர்க்கரையை அளக்க 1959இல் மில்லர் எழுதிய டி.என்.எஸ். முறை எந்த ஒடுக்கும் சர்க்கரைக்கும் நிறம் தரும். ஊடகத்தில் மிஞ்சிய சர்க்கரையையும் நொதி விடுவித்ததாகக் கணக்கு காட்டிவிடும்.

• ஒவ்வொரு சோதனையையும் மும்மூன்று முறை செய்து சராசரியையும் ஏற்ற இறக்கத்தையும் எழுதுங்கள். நொதிக் கரைசலில் உள்ள புரதத்தையும் அளந்து, ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு எத்தனை அலகு என்று சொல்லுங்கள். அப்போதுதான் வேறொருவரின் நொதியோடு ஒப்பிட முடியும்.

• பீட்டா குளுக்கோசிடேஸையும் தனியாக அளந்து பாருங்கள். அது குறைவாக இருந்தால் செல்லோபயோஸ் தேங்கி, மற்ற இரண்டு நொதிகளின் கையையும் கட்டிவிடும்.

செய்யக்கூடாதவை

• 2 மில்லிகிராம் குளுக்கோஸை எட்டாத கரைசலுக்கு வடிதாள் அலகில் விடை எழுதாதீர்கள். பாக்டீரியாவின் கச்சாக் கரைசல்கள் பல அந்த அளவை எட்டுவதில்லை. அப்போது எந்த வெப்பத்தில், எந்த அமிலக் குறியீட்டில், எவ்வளவு நேரத்தில் எவ்வளவு சர்க்கரை வந்தது என்று நேரடியாகச் சொல்லிவிடுவதே முறை.

• பூஞ்சைக்கு ஏற்ற 4.8 என்ற அமிலக் குறியீட்டில் மட்டும் அளந்துவிட்டு, உங்கள் பாக்டீரியா வலுவற்றது என்று தள்ளிவிடாதீர்கள். பாக்டீரிய நொதிகள் பல நடுநிலையிலும் காரத்திலும் நன்றாக வேலை செய்யும். அவற்றின் மதிப்பே அதுதான். ஜப்பானின் காவோ நிறுவனம் 1987இல் விற்பனைக்குக் கொண்டுவந்த அட்டாக் என்ற சலவைத்தூளில் இருந்தது, மண்ணில் பிரித்தெடுத்த பாசில்லஸ் ஒன்றின் காரச் செல்லுலேஸ்.

• நொதி சுரக்க வைக்கும் ஊடகத்தில் குளுக்கோஸை அள்ளிப் போடாதீர்கள். எளிய சர்க்கரை கையில் இருந்தால் பாக்டீரியா கடினமான செல்லுலோஸைத் தேடிப் போகாது; நொதி சுரப்பும் நின்றுவிடும்.

பாக்டீரியாவுக்குப் பெயர் சொல்லும்போது

செய்ய வேண்டியவை

• கிராம் சாயம், வித்துச் சாயம், உயிர்வேதிச் சோதனைகள், 16எஸ் மரபணு வரிசை ஆகியவற்றைச் சேர்த்துப் பாருங்கள்.

• பயனுள்ளது என்று உறுதியான பாக்டீரியாவைச் சண்டீகரில் உள்ள நுண்ணுயிர்ச் சேகரிப்பகத்திலோ புனேயில் உள்ள சேகரிப்பகத்திலோ ஒப்படையுங்கள். கல்லூரிக் குளிர்பெட்டியில் மட்டும் இருக்கும் பாக்டீரியா, மின்சாரம் போகும் ஒரு நீண்ட விடுமுறையோடு முடிந்துபோகும்.

செய்யக்கூடாதவை

• 16எஸ் வரிசை 99 விழுக்காடு ஒத்துப்போனது என்பதால் மட்டும் இனப்பெயரை அறுதியிடாதீர்கள். பாசில்லஸ் சப்டிலிஸின் நெருங்கிய உறவுகளை அந்த வரிசை பிரித்துக் காட்டாது. பாசில்லஸ் சீரியஸையும் ஆந்த்ராக்ஸ் பாக்டீரியாவையும்கூட அது தெளிவாகப் பிரிப்பதில்லை.

தறிக்கும் துணிக்கும் வரும்போது

முள்ளிப்பட்டு மாணவர் செல்லுலேஸ் ஆய்வு செய்கிறார் என்றதும் வீட்டில் கேட்கும் கேள்வி இதுதான்: "நம்ம பட்டுக்கு இது ஆகுமா?" நேராகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

செய்ய வேண்டியவை

• பட்டு புரதம் என்பதை முதலில் சொல்லுங்கள். உள்ளே ஃபைப்ராயின், மேலே பசையாகச் செரிசின். இரண்டும் புரதங்கள், செல்லுலேஸுக்கு அங்கே வேலை இல்லை. கச்சாப் பட்டைச் சோப்பிலும் சோடாவிலும் வேக வைத்துப் பசை எடுக்கிறோமே, அந்த வேலைக்கு உதவக்கூடிய நொதி புரோட்டியேஸ். அதே காட்டு மண்ணில் புரோட்டியேஸ் சுரக்கும் பாக்டீரியாவும் உண்டு. பட்டுக்குப் பயன்படும் ஆய்வு வேண்டுமானால் பால் புரதம் கலந்த தட்டில் தேடுங்கள். செரிசினை நீக்கி ஃபைப்ராயினைத் தொடாத நொதி கிடைத்தால் வேகவைக்கும் நெருப்பும் சோடாவும் குறையும்.

• பருத்திக்கு உள்ள பயனை எடுத்துச் சொல்லுங்கள். திருப்பூரில் பயோ வாஷ் என்கிறார்களே, அது செல்லுலேஸ் வேலை. பின்னல் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிழைகளை நொதி அறுத்துவிடும். துணி வழவழப்பாகும், உருண்டை திரளாது. ஜீன்ஸ் துணியைக் கல் போட்டு உரசி வெளுப்பதற்குப் பதிலாகவும் இதே நொதி பயன்படுகிறது.

• பயோ வாஷ் முடிந்ததும் நொதியின் வேலையை நிறுத்துவதை மறக்காதீர்கள். வெப்பத்தை 80 டிகிரிக்கு உயர்த்துவதோ சோடா சேர்த்துக் காரமாக்குவதோ வழக்கம். நிறுத்தாவிட்டால் நொதி நுண்ணிழையோடு நிற்காது, நூலையே அரிக்கும்.

செய்யக்கூடாதவை

• சில்க் காட்டன் சேலையில் செல்லுலேஸைச் சோதித்துப் பார்க்காதீர்கள். பட்டு தப்பிக்கும், பருத்தி வலுவிழக்கும். ஒரு சேலையில் பல நாள் உழைப்பு இருக்கிறது. சோதனைக்குத் துண்டுத் துணி போதும்.

• நொதி உள்ள சலவைத்தூளில் பட்டைத் துவைக்காதீர்கள். அவற்றில் பெரும்பாலும் புரோட்டியேஸும் இருக்கும். பட்டு அதற்கு உணவு.

• "சாயக் கழிவை எங்கள் செல்லுலேஸ் சுத்தம் செய்யும்" என்று சொல்லாதீர்கள். சாயத்தைச் சிதைப்பது லாக்கேஸ் போன்ற வேறு நொதிகளின் வேலை.

• செல்லுலேஸ் என்றாலே நன்மை என்றும் நினைக்காதீர்கள். இன்று தொழிற்சாலைகளில் மிகுதியாகப் பயன்படும் செல்லுலேஸ் தரும் டிரைக்கோடெர்மா ரீசி என்ற பூஞ்சையை, இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் மக்கிப்போன கூடாரத் துணியிலிருந்துதான் பிரித்தெடுத்தார்கள். எல்வின் ரீசும் மேரி மேண்டல்ஸும் துணியைக் காப்பாற்றத் தொடங்கிய ஆய்வு, பின்னர் துணியைச் சிதைக்கும் திறனையே தொழிலுக்குப் பயன்படுத்தியது.

வைக்கோலுக்கும் உரக்குழிக்கும் வரும்போது

செய்ய வேண்டியவை

• மாட்டுக்குப் போக மிஞ்சும் வைக்கோலையே கணக்கில் எடுங்கள். அதைத் துண்டு துண்டாக நறுக்குங்கள். பரப்பு கூடினால் நொதிக்கு இடம் கிடைக்கும்.

• சாணமோ பசுந்தழையோ சேர்த்து, கார்பன் 25 முதல் 30 பங்குக்கு நைட்ரஜன் ஒரு பங்கு இருக்கும்படி பாருங்கள். ஈரம் ஐம்பது, அறுபது விழுக்காடு போதும். கையில் அழுத்தினால் நீர் சொட்டக்கூடாது. இடையிடையே கிளறிவிடுங்கள்.

• வீட்டு உரக்குழிக்கு உடனே வேண்டுமானால் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பயோமினரலைசர் போன்ற, சோதித்து வெளியிட்ட கலவைகளைப் பயன்படுத்துங்கள்.

செய்யக்கூடாதவை

• தட்டில் வளர்ந்த புதிய பாக்டீரியாவைக் கழனியில் தெளிக்காதீர்கள். பயிருக்கும் மாட்டுக்கும் மனிதருக்கும் தீங்கில்லை என்று சோதிக்காத எதுவும் ஆய்வகத்தைத் தாண்டக்கூடாது.

• ரைஸ் மில் உமியைத் தொடக்கப் பொருளாக எடுக்காதீர்கள். உமியில் சிலிகாவும் லிக்னினும் அதிகம். செல்லுலோஸை நொதி எளிதில் நெருங்க முடியாது. வைக்கோலிலும் லிக்னின் உண்டு. அதனால்தான் வைக்கோலை முதலில் அமிலத்திலோ நீராவியிலோ பதப்படுத்திவிட்டு நொதியைச் சேர்க்கிறார்கள்.

• "வைக்கோலிலிருந்து எத்தனால்" என்று எளிதாக அறிவிக்காதீர்கள். ஹரியானாவின் பானிபட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் 2022 ஆகஸ்டில் தொடங்கிய ஆலை, ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் எத்தனால் எடுக்கும்படி அமைக்கப்பட்டது. அத்தனை பெரிய ஆலைக்கும் நொதியின் விலை பெரும் செலவு. மலிவான, வெப்பம் தாங்கும் நொதி எங்கே கிடைக்கும் என்ற தேடல் இன்னும் முடியவில்லை. உங்கள் ஆய்வுக்கு இடம் இருப்பதும் அங்கேதான்.

எழுதும்போதும் பேசும்போதும்

செய்ய வேண்டியவை

• கிடைக்காததையும் எழுதுங்கள். ஐம்பது குடியேற்றங்களில் இரண்டுதான் வளையம் தந்தன என்றால் அந்த ஐம்பதும் அறிக்கையில் இருக்கட்டும். தட்டில் வளர்வது மண்ணிலுள்ள பாக்டீரியாவில் மிகச் சிறு பங்குதான் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

• வழிகாட்டி, ஆய்வக உதவியாளர், மலையில் வழிகாட்டியவர், அனுமதி தந்த அலுவலகம் எல்லோருக்கும் நன்றி எழுதுங்கள்.

செய்யக்கூடாதவை

• வேறொருவர் ஆய்வறிக்கையின் அட்டவணையைப் பெயர் மாற்றி ஒட்டாதீர்கள். மண்ணும் பருவமும் வேறாக இருக்கையில் எண்கள் ஒன்றாக வருவதில்லை. படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

• வளையத்தின் நிழற்படத்தில் மட்டும் நிறத்தைக் கூட்டிக் குறைக்காதீர்கள். மாற்றினால் ஒப்பீட்டுத் தட்டுகளுக்கும் ஒரே அளவில் மாற்றி, அதையும் எழுதுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தத் தலைப்பை எடுக்கும் மாணவரிடம் வளையம் வந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள். அனுமதிக் கடிதம், வெறுமைச் சோதனை, நகல் தட்டு மூன்றையும் கேளுங்கள். மூன்றும் இருந்தால், வளையம் வராத ஆய்வுக்கும் முழு மதிப்பெண் கொடுங்கள். ஜவ்வாது மண்ணில் என்ன இருக்கிறது என்பதை நம் பிள்ளைகள் முறையாகப் பதிவு செய்தால், நாளைக்கு ஒரு நல்ல நொதி கிடைக்கும்போது அதன் பயன் மலைக்கும் தறிக்கும் கழனிக்கும் சேர வேண்டியபடி சேரும்.